ஐந்து மணிக்கு மேல்: பள்ளி விட்டு வந்த பிள்ளையின் நேரக் கணக்கு

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வயது பன்னிரண்டு. வீடு சென்னைப் புறநகரில். காலை 7.30-க்குத் தெருமுனையில் வேன் ஏற வேண்டும். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது மாலை 5 மணி. வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். அது எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

தூக்கம் நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 63. பள்ளியும் வேனும் சேர்ந்து நாளைக்கு ஒன்பதரை, ஐந்து நாளைக்கு 47½. குளியல், சாப்பாடு, தலைவாரல், சீருடை மாற்றல் என நாளைக்கு 2 வீதம் 14. மிச்சம் 43½. டியூஷன் வாரம் 6 நாள், 2 மணி நேரம், போக வர அரை மணி, ஆக 15. வீட்டுப்பாடம் 6. ஹிந்தி வகுப்பும் கராத்தேயும் போக்குவரத்தோடு 6. இப்போது கையில் இருப்பது 16½. போனும் டிவியும் நாளைக்கு 2 மணி நேரம்தான் என்று குறைத்தே வைத்தாலும் அதில் 14 போய்விடும். மிஞ்சுவது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், அதாவது நாளைக்கு 21 நிமிடம். ஓடியாடுவது, பாட்டியிடம் கதை கேட்பது, மொட்டை மாடியில் சும்மா நிற்பது, கதைப் புத்தகம், கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவது எல்லாம் அந்த 21 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அதில் வாரம் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கும் ஓட்டம், தாவல், ஏறுதல் இருக்க வேண்டும். ஆக, இதற்கு மட்டுமே வாரம் 7 மணி நேரம் வேண்டும், இருப்பதோ இரண்டரை. இந்தத் துண்டு விழும் கணக்கைப் பெரும்பாலான வீடுகளில் தூக்கத்திலிருந்து எடுத்துத்தான் சரிக்கட்டுகிறார்கள். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம்.

"புள்ள எல்லாத்துலயும் வரணும்" என்ற ஆசையில் தவறு எதுவும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், படிப்பைத் தாண்டிய வாழ்க்கை என்று சொன்னதுமே இன்னொரு வகுப்பில் சேர்ப்பது என்று நாம் புரிந்துகொள்கிறோம். 168 மணி நேரம் நிறைந்துவிட்டது. இனிக் கூட்ட முடியாது, கழிக்கத்தான் முடியும். எந்த வரிசையில் இடம் ஒதுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் தூக்கம். அடுத்து வெயில் வெளிச்சத்தில் விளையாட்டு. பிறகு வீட்டு வேலை. அதன் பின் ஒரே ஒரு கலையோ விளையாட்டுப் பயிற்சியோ. டியூஷன் இவையெல்லாம் போக மிஞ்சும் நேரத்தில். இன்று பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கிறது.

தூக்கத்தைக் காலையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த அளவைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். ஆறு மணிக்கு எழ வேண்டிய பத்து வயதுப் பிள்ளை இரவு 9 மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும். அப்படியானால் 8.40-க்கு விளக்கு அணைய வேண்டும், 7.45-க்குள் சாப்பாடு முடிய வேண்டும். எட்டரைக்கு முடியும் டியூஷன் இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. வீட்டில் எவ்வளவு சத்தம் போட்டாலும் பொருந்தாது.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. அப்பா வேலை முடிந்து ஒன்பதரைக்கு வருவார். பிள்ளை அவருக்காக விழித்திருக்கும். அந்தப் பாசத்தை அதட்டி அடக்கக் கூடாது. அதே சந்திப்பைக் காலைக்கு மாற்றிவிடலாம்: பால் குடிக்கும்போது ஒரு கால் மணி நேரம், வேன் நிற்கும் இடம்வரை இருவரும் நடப்பது. தினமும் நடந்தால் பத்து நாளில் பிள்ளையே ராத்திரிக் காத்திருப்பை விட்டுவிடும்.

பதிமூன்று, பதினான்கு வயதில் கணக்கு மாறும். பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்களே தவிரத் தூக்கம் வராது. சோம்பலோ அடமோ இதற்குக் காரணம் இல்லை. காலை எழுந்ததும் வெளிச்சத்தில் கால் மணி நேரம் நிற்கச் செய்வதும், ஞாயிற்றுக்கிழமையும் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் எழுப்புவதும் கடிகாரத்தை மெல்லத் திருப்பும். வேனில் ஏறியதும் தலை சாய்வது, ஞாயிறு பத்து மணிவரை அடித்துப் போட்டாற்போல் தூங்குவது, சின்ன விஷயத்துக்குக் கண் கலங்குவது எல்லாம் தூக்கக் கடன் ஏறியிருப்பதற்கான அடையாளங்கள்.

வெளிச்சத்தை இரவில் ஈடுகட்ட முடியாது

விளையாட்டை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். முடியாது. சென்னையில் ஜூலை மாதம் சூரியன் மறைவது 6.40-ஐ ஒட்டி. நவம்பர் கடைசியில் 5.40-க்கே மறைந்துவிடும். கோவைப் பக்கம் கால் மணி நேரம் பிந்தும். ஐந்து மணிக்கு வீடு வரும் பிள்ளைக்கு நவம்பரில் கிடைக்கும் பகல் வெளிச்சம் 40 நிமிடம்தான். அந்த 40 நிமிடத்தில் முகம் கழுவி, சாப்பிட்டு, டியூஷன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அன்றைய வெளிச்சம் போனது போனதுதான்.

இதில் கண்ணும் சம்பந்தப்பட்டிருக்கிறது. கிட்டப்பார்வை என்பது கண்விழி தேவைக்கு மேல் நீண்டு வளர்வது. பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற பொருளைச் சுரக்கிறது, அது இந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். ட்யூப் லைட் எரியும் அறையில் கிடைப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம். வெளியே மர நிழலில் நின்றாலும் பல ஆயிரம் லக்ஸ். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெளியே விட்ட பிள்ளைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5 சதவீதம். தைவான் 2010-லிருந்தே பள்ளிகளில் நாளைக்கு 120 நிமிட வெளி நேரத்தை ஊக்குவிக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது முக்கியமாக வராமல் தடுப்பதற்குத்தான் உதவும், கண்ணாடி போட்டாகிவிட்ட பிள்ளைக்குப் பவர் ஏறாமல் நிறுத்தும் மருந்தாக இதை நம்பியிருக்கக் கூடாது. கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா, டிவிக்கு நெருங்கி நெருங்கிப் போகிறதா என்று பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ஆகவே மாலைக் கால அட்டவணையைக் கடிகாரம் பார்த்துப் போடாமல் சூரியனைப் பார்த்துப் போட வேண்டும். வந்ததும் ஒரு வாழைப்பழம், ஒரு பிடி சுண்டலோ நிலக்கடலையோ; பத்து நிமிடத்தில் வெளியே. வீட்டுப்பாடம் இருட்டிய பிறகு. "ஹோம்வொர்க் முடிச்சுட்டுப் போ" என்ற ஒரே வாக்கியம் நவம்பர் முதல் ஜனவரி வரை விளையாட்டையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 11 மணியிலிருந்து மூன்றரை வரை வெயிலில் விடக் கூடாது. அப்போது காலை ஆறரை மணிதான் நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழையில் மழை விட்ட நாளெல்லாம் வெளியே விடலாம், முழுக்கைச் சட்டையோடு. டெங்கு பரப்பும் கொசு காலையிலும் பொழுது சாயும் முன்பும்தான் அதிகம் கடிக்கும்.

விளையாட்டும் பயிற்சியும் ஒன்றில்லை

"கிரிக்கெட் கோச்சிங் சேர்த்துவிட்டோம், அதுவே விளையாட்டுதானே" என்று கேட்பார்கள். ஒரு நாள் மைதானத்தின் ஓரத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பு, 30 பிள்ளைகள், 2 வலை. முதல் கால் மணி நேரம் ஓட்டமும் உடற்பயிற்சியும். மீதி 45 நிமிடம், இரண்டு வலைக்கும் சேர்த்து 90 நிமிடம். அதை 30 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்று நிமிட பேட்டிங். மற்ற நேரமெல்லாம் வரிசையில் நிற்பதும் பந்து பொறுக்குவதும். எந்தப் பயிற்சியில் சேர்க்கும் முன்பும் இந்த ஒரு கணக்கைப் போட வேண்டும்: என் பிள்ளை கையில் பந்து, பாட்டு வகுப்பானால் குரல், ஓவிய வகுப்பானால் தூரிகை, எத்தனை நிமிடம் இருக்கிறது?

தெருவில் எட்டுப் பேர் ஆடும் ஆட்டத்தில் வேறொன்று நடக்கிறது. ஆள் பிரிப்பது, அவுட்டா இல்லையா என்று சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வது, ஆறு வயதுத் தம்பியையும் "ஒப்புக்குச் சப்பாணி"யாகச் சேர்த்துக்கொள்வது, தோற்றவன் கோபித்துக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவது. பெரியவர்கள் விசில் ஊதும் இடத்தில் இவை எதுவும் நடக்காது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) 31-ஆவது பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது.

ஆனால் தெரு இப்போது பைக்கும் காரும் நிற்கும் இடம். அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் "பந்து விளையாடக் கூடாது" என்று பலகை. எனவே இதைக் கொஞ்சம் ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் போதும். நேரம் ஒன்று: 5.15 முதல் 6.15. இடம் ஒன்று: மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பெரியவர் மார்பு உயரமாவது இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி மூடி பூட்டியிருக்க வேண்டும், தெரு என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு வண்டிகளைத் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம். முறை வைத்து ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடிபட்டால் எழுந்து வர, மற்றபடி தலையிடாமல் இருக்க. ஒரு பெட்டியில் ரப்பர் பந்து மூன்று (ஒன்று எப்படியும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும்), ரிங் பால் வளையம் ஒன்று, பாண்டிக் கட்டம் போடச் சுண்ணக்கட்டி, பம்பரம் நான்கு, ஸ்கிப்பிங் கயிறு இரண்டு. கயிற்றின் நடுவில் காலை வைத்து நின்றால் இரு பிடியும் அக்குள் வரை வர வேண்டும். நீளம் கூடினால் தடுக்கும், குறைந்தால் தலையில் படும். மழை நாளுக்கு ஐந்தாங்கல், தாயக்கட்டை, பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம். ஆடுபுலிக்குப் பலகைகூட வேண்டாம், தரையில் கோடு போட்டு 3 புலிக்குப் புளியங்கொட்டையும் 15 ஆட்டுக்குக் கூழாங்கல்லும் வைத்தால் ஆயிற்று.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு விதத்தில். ஆர்வமான ஓர் அப்பா அதையே கோச்சிங்காக மாற்றிவிடுவார். அல்லது ஒரு பிள்ளை போனோடு வரும், பத்து நிமிடத்தில் எட்டுத் தலையும் அதன் மேல் குனிந்திருக்கும். முதல் நாளே பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியவை இவை.

பெண் பிள்ளைகளின் கதை தனி. பன்னிரண்டு வயதுவரை தெருவில் பாண்டியும் கோகோவும் ஆடியவள், பெரியவள் ஆனதும் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் போய்விடுகிறாள். "இனிமே என்ன ஆட்டம்" என்று யாரோ ஒருவர் சொல்வார், அம்மா மறுக்க மாட்டார். எலும்பு மிக வேகமாக உறுதிப்படும் வயது அதுதான் என்பதால் இழப்பு உடலிலேயே தங்கிவிடும். தனியாக ஒரு பெண்ணை அனுப்பத் தயங்கும் வீடுகள், நான்கைந்து பேராகச் சேர்த்தால் அனுப்புகின்றன. விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை, குனிந்தால் நிமிர்ந்தால் சங்கடம் தராத டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும், பையில் ஒரு நாப்கின்: இந்த மூன்றும் இல்லாததால்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். விருப்பம் போய்விட்டது என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

ஒரே ஒரு வகுப்பு என்றால் எது

நீச்சல் தெரியாத பிள்ளைக்கு முதலில் நீச்சல். ஒவ்வொரு விடுமுறையிலும் ஏரியிலும் ஆற்றிலும் கல்குவாரியிலும் பிள்ளைகள் மூழ்கிப் போகும் செய்தியைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 6 வயதுக்கு மேல் அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முன்பு கிணற்றில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பழக்கினார்கள். இன்று நீச்சல் குளத்தில் சேர்த்தாலும் வரிசை அதேதான்: முதலில் தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவது, அடுத்து மல்லாந்து மிதப்பது, பிறகுதான் கையும் காலும். முதல் நாளே கை வீசக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் பிள்ளை பத்து மீட்டர் போகும், களைத்தால் மிதக்கத் தெரியாது. கூடவே ஒரு பாடம் கட்டாயம்: தோழன் மூழ்கினால் குதிக்கக் கூடாது. கத்த வேண்டும், துப்பட்டா, கயிறு, நீளக் கம்பு எதையாவது நீட்ட வேண்டும், மூடிய காலி எண்ணெய்க் கேனைத் தூக்கிப் போட வேண்டும். ஐந்து லிட்டர் கேனைப் பிடித்துக்கொண்டால் பதறாமல் முகத்தை மேலே வைத்திருக்க முடியும். ஒருவர் பின் ஒருவராகக் குதித்துத்தான் மூன்று, நான்கு உயிர் ஒரே நாளில் போகிறது.

அதற்குப் பிறகு பிள்ளை விரும்பும் ஒன்று. ஒன்று என்றால் ஒன்றுதான், இரண்டு ஆண்டுக்காவது. பாட்டு, மிருதங்கம், பரதம் எதுவானாலும் வகுப்புக்குப் போவதைவிட வீட்டுப் பயிற்சியில்தான் கை வசப்படும். பாட்டின் முதல் பாடமான சரளி வரிசையைத் தினமும் கால் மணி நேரம் மூன்று வேகத்தில் பாடுவது, வகுப்புக்கு முந்தின நாள் ஒன்றரை மணி நேரம் உட்காருவதைவிட எவ்வளவோ மேல். பையன்களுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினான்குக்குள் குரல் மாறும். மேல் சட்ஜம் எட்டாது, நடுவில் கீச்சிடும். "குரல் போச்சு" என்று அப்போதுதான் நிறையப் பேர் பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். சுருதியைக் கீழே இறக்கி, சத்தமாகப் பாடாமல், நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் நல்ல பாட்டைக் கேட்டுப் பழகும் கேள்விஞானத்துக்கு வைத்தால் ஓராண்டில் புதுக் குரல் நிலைபெறும்.

விளையாட்டுப் பயிற்சிக்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு ஒன்று இருக்கிறது: வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதுக்கு 10 மணி நேரம். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த ஆட்டத்திலிருந்து விடுப்பு. ஒரே ஆட்டத்தில் முழுமையாக இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். வளரும் எலும்பின் முனைகள் மென்மையானவை. ஒரே தோளும் ஒரே முழங்காலும் ஆண்டு முழுக்க ஒரே அசைவைச் செய்தால் அங்கேதான் வலி தொடங்கும்.

பெல்ட், லெவல், கிரேடு என்று தேர்வுக்கு மேல் தேர்வு வைக்கும் வகுப்புகளில் கவனம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் வந்துகொண்டே இருந்தால் அந்தப் பிள்ளை அடுத்த தேர்வுக்குத்தான் பழகுகிறது. பள்ளியின் இன்னொரு பாடமாக அது மாறிவிட்டது. பணம் அதிகம் கேட்காத இடங்களும் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித்தருகிறார்கள். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும்கூடப் படிக்கலாம். மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைப் பயிற்சி முகாம் நடக்கும். நூலகம் வீட்டுப் பக்கத்துக் கிளை நூலகமாக இருந்தாலே போதும்; சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாப் போட்டிகள் ஒரு நல்ல வாசல். மேடை ஏறிய பிள்ளையை அடுத்த நாளே வகுப்பில் சேர்த்துவிடாமல், வீட்டில் ஆடவும் பாடவும் இடம் விட்டால் ஆசை தங்கும்.

வீட்டு வேலையும் படிப்புதான்

"அதுக்கு நேரம் ஏது, படிக்கட்டும்" என்று பிள்ளையின் தட்டைக்கூட அம்மாவே கழுவுகிறார். பிறகு பதினெட்டு வயதில் ஹாஸ்டலுக்குப் போய் ஒரு சட்டை துவைக்கத் தெரியாமல் தவிக்கிறார்கள். ஆறு, ஏழு வயதில் பூண்டு உரிப்பது, காய்ந்த துணி மடிப்பது. ஒன்பது, பத்தில் அரிசி களைவது, கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, செடிக்குத் தண்ணீர். பன்னிரண்டுக்கு மேல் பெரியவர் பக்கத்தில் நிற்க அடுப்பு. குக்கரில் சோறு நல்ல முதல் பாடம்: பொன்னி பச்சரிசி 1 டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர், 3 விசில். வைக்கும் முன் கேஸ்கட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஆவி வரும் துளையில் சோறு அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும். ஆவி முழுக்க அடங்காமல் வெயிட்டைத் தூக்கக் கூடாது; தூக்கினால் கொதிகஞ்சி முகத்தில் அடிக்கும். இதைச் சொல்லிக் காட்டி, ஒருமுறை அவர்களையே சொல்ல வைத்து, பிறகு விட்டுவிடலாம். முதல் நான்கு நாள் சோறு குழையும். சாப்பிட்டுவிட வேண்டும், எதுவும் சொல்லாமல்.

வேலை ஒன்று என்றால் அது முழுதாகப் பிள்ளையின் பொறுப்பாக இருக்க வேண்டும். "கொஞ்சம் உதவி பண்ணு" என்று அவ்வப்போது கூப்பிட்டால் அது ஏவல் வேலை. சாயங்காலம் கொடியில் காயும் துணி முழுக்க உன்னுடையது என்றால் மழை வந்ததும் ஓடுவது பிள்ளையாக இருக்கும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே பட்டியல். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் நாளைக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். அந்த 202 நிமிட வித்தியாசம் பூண்டு உரிக்கும் வயதில்தான் தொடங்குகிறது.

போன் எங்கே இருக்கிறது

எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதைவிட, அது எதன் இடத்தைப் பிடிக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். சார்ஜர் ஹாலில் இருக்கட்டும், படுக்கை அறையில் வேண்டாம். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிட வேண்டும். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதற்குப் பதில் "இந்த ஒண்ணு முடிஞ்சதும்" என்றால் சண்டை பாதியாகும். பாதியில் பிடுங்கும்போதுதான் அலறல். 5 வயதுக்குக் கீழ் கணக்கு வேறு: 2 வயது நிறையும் வரை அறவே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோறு ஊட்டப் போன் காட்டுவது வயிறு நிறைந்ததே தெரியாமல் விழுங்கப் பழக்கும்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று. பள்ளி வீட்டுப்பாடத்தை இரவு ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. அம்மாவின் போன் "படிக்கத்தான்" என்று பிள்ளை கைக்குப் போகிறது. திரும்பி வர ஒன்பது மணி. வந்த செய்தியைப் பெரியவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த இரண்டு மணி நேரம் மிச்சம்.

பொதுத்தேர்வு ஆண்டு

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை முதலில் வெட்டுவார்கள், அடுத்து தூக்கத்தை. படித்தது மனத்தில் பதிவது தூக்கத்தில்தான் என்பதால் இரண்டாவது வெட்டு நேராக மதிப்பெண்ணில்தான் விழும். அந்த ஆண்டில் பாட்டு வகுப்பை வாரம் இரண்டிலிருந்து ஒன்றாக்கலாம், போட்டிகளை நிறுத்தலாம். எட்டு மணி நேரத் தூக்கத்திலும் மாலை அரை மணி நேர ஓட்டத்திலும் கை வைக்கக் கூடாது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது, ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது, வார விடுமுறை தர வேண்டும் என்று ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. எட்டாம் வகுப்பிலேயே நீட் அடிப்படைப் பயிற்சி என்று வரும் நோட்டீசைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திங்கள் காலை மட்டும் வரும் வயிற்று வலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, பிடித்த ஆட்டத்துக்கே கூப்பிட்டாலும் வராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது. இவை இரண்டு வாரம் நீடித்தால் அட்டவணையை மாற்றுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் கட்டணம் இல்லாமல் தமிழில் பேசலாம்.

எப்படிக் குறைப்பது

எந்த வகுப்பை விடுவது என்று தெரியவில்லை என்றால் ஒரு சோதனை. இரண்டு வாரம் எல்லா வகுப்புக்கும் விடுப்பு சொல்லிவிட்டுக் கவனிக்க வேண்டும். பிள்ளை தானாகக் கை வைப்பது எதில்? கீபோர்டைத் தொடவே இல்லை, ஆனால் செய்தித்தாள் ஓரமெல்லாம் படம் வரைந்திருக்கிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது. நிறுத்துவதை ஒரு பெல்ட்டோ ஒரு பரீட்சையோ முடிந்த கையோடு செய்ய வேண்டும், நடுவில் வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியரிடம் நேரில் சொல்லி, வணங்கி விடைபெற வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் தோற்று ஓடி வந்ததாக அது மனத்தில் கிடக்கும்.

காலியான நேரத்தில் முதல் வாரம் பிள்ளை சொல்லப்போவது ஒன்றுதான்: "போர் அடிக்குது." இருபது தடவை சொல்லும், போன் கேட்கும், வீட்டைச் சுற்றி வரும், தங்கச்சியைச் சீண்டும். பெரும்பாலான பெற்றோர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் இன்னொரு வகுப்பைத் தேடுகிறார்கள். தேடாமல், கைக்கு எட்டும் இடத்தில் பழைய அட்டைப் பெட்டி, கத்திரிக்கோல், பசை, சணல், ஓடாத ஒரு கடிகாரம், அதைத் திறக்க ஒரு திருப்புளி, நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். கடிகாரம் கட்டாயம் உதிரி உதிரியாகக் கிடக்கும். திரும்பப் பூட்டச் சொல்ல வேண்டாம்.